வளைந்த சுவருக்கு ஒரு கைக்குழி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முட்டி வலி குறைந்ததா? தையல் மெஷினை விட்டு நடுநடுவே எழுந்து நடக்கிறாயா?

என் அறையில் ஒரு சுவர் உள்வாங்கி வளைந்திருக்கிறது. நேரான பலகையை அடித்தால் பின்னால் இடைவெளி விழும், புத்தகங்கள் அதற்குள் சரியும். அதனால் வந்ததிலிருந்து அவை பெட்டியிலேயே கிடந்தன.

"அப்படியே இருக்கட்டும் விடும்மா. நீ என்ன இங்கயே இருக்கப் போறியா?" என்று வீட்டுக்கார அக்கா சிரித்தார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அன்றே ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்ட பலகை ஒன்று வாங்கி வந்தேன்.

நீ ஜாக்கெட்டில் கையை இணைக்கக் கைக்குழி வெட்டுவதுபோல, சுவரோடு தாளை வைத்து வளைவை வெட்டி எடுத்து, பலகையில் வரைந்து அறுத்தேன். பொருத்தினால் ஒரு பக்கம் இடிக்கிறது, மறுபக்கம் வாயைப் பிளக்கிறது. தாளைத் திருப்பிப் போட்டு வரைந்திருக்கிறேன்! ஜாக்கெட்டின் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டு நீ தலையில் அடித்துக்கொள்வாயே, அதே கூத்து. ஆனால் சுவர் சரியான வட்டமென்றால் எப்படி வரைந்தாலும் பொருந்தியிருக்குமே? தடவிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் வளைவு அதிகம்.

துணியென்றால் வெட்டியது வெட்டியதுதான். பலகையைக் கவிழ்த்துப் போடலாமே! போட்டேன். சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டது. அக்கா வந்து பார்த்து, "அடேங்கப்பா, ஒரு தீக்குச்சிகூட நுழையாது போல" என்றார்.

பாலிஷ் போடாத பக்கம் மேலே வந்துவிட்டது. அதன்மேல் விரிக்க ஒரு துணி வேண்டும். இங்கே கடையிலும் கிடைக்கும். இருந்தாலும் நீயே ஓரம் தைத்து அனுப்பு.

பஸ் வந்துவிடும், நிறுத்துகிறேன். துணி வெட்ட அளவுக்கு அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். எது மேல்பக்கம் என்று இந்த முறை எழுதியிருக்கிறேன்.

உன் மகள்