வெள்ளிக்கிழமை ஒரு பொழுது

நவ. 7, வெள்ளி
தூறல். டைரி எழுதுகிற அளவுக்கு என்னிடம் ஒன்றுமில்லை, மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், தெரியவில்லை. வாயில் வராதது கையிலாவது வருகிறதா, பார்க்கலாம்.

மயிலாப்பூர் கிளினிக்கில் நல்ல கூட்டம். வயதானவர்களுக்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்வது என் வேலை. முதலில் கால் வலுவைப் பார்க்க எல்லோருக்கும் ஒரே சோதனை: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும். இன்று ஒரு மாமி எழுந்துவிட்டுத் தானே கைதட்டினார்.
"பாத்தேளா, டான்ஸே ஆடிடுவேன்!"
கூட வந்த மாமா: "மாடி இடியறதுன்னு கீழாத்துக்காரா பயந்துடப் போறா."

வீட்டுக்கு வந்தால், அம்மா தரையிலிருந்து எழ பீரோவைப் பிடிக்கிறாள். வயது ஐம்பத்தாறுதான். அடையாறில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிற கால்கள். இன்று வெள்ளி, அவளுக்கு ஒரு பொழுது. மதியம் கொஞ்சம் ரசம் சோறு. மற்ற நேரமெல்லாம் டீ. செவ்வாயும் இப்படித்தான். ஊருக்கெல்லாம் பருப்பும் முட்டையும் சொல்கிறேன். இவளிடம் ஒரு வார்த்தை வரவில்லை.

நவ. 9, ஞாயிறு
வெயில். துணி காய்ந்தது. முட்டைக் குழம்பு. முட்டை எனக்கும் தம்பிக்கும், குழம்பு அம்மாவுக்கு, வழக்கம் போல. என் முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.
"இன்னாடி, ஆபீசரம்மாவுக்கு வூட்லயும் டூட்டியா?"
சிரித்தாள். ஆனால் சாப்பிட்டாள், முழுசாக!

நவ. 11, செவ்வாய்
திடீர் மழை. கிளினிக் முடிந்து இஸ்திரி வண்டிக்குக் குடை கொண்டுபோனேன். அம்மாவும் பக்கத்துத் தையல் கடை ஆயிஷா அக்காவும் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம். நான் நின்றது தெரியாது.
"இன்னாக்கா, இன்னிக்கும் வெறும் டீயா?"
"செவ்வா சின்னவனுக்கு, வெள்ளி பெரியவளுக்கு. அது படிச்சு முடிக்கணும்னு அம்மன்கிட்ட வேண்டிக்கினேன்."
"அதான் முடிச்சிட்டு வேலைக்கும் போய்க்கினு கீதே! அம்மனே மறந்து போயிருக்கும்."
"பொங்க வெச்சா முடிஞ்சிரும். அது வந்து, போதும்மான்னு ஒரு வார்த்த சொல்லட்டுமே. எங்க, அதுதான் வாயே தொறக்காதே."

குடையை வண்டியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்காகவா, இத்தனை வெள்ளி?

நவ. 13, வியாழன்
மேகம். வாங்கியது: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், முந்திரி. இரவு அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கையைக் கட்டிக்கொண்டு எழச் சொன்னேன். பாதி எழுந்தாள், உட்கார்ந்துவிட்டாள். மறுபடி. எழுந்துவிட்டாள்! "ஒரு முட்டைக்கே இப்டியா?" என்று கேட்டுச் சிரிப்பு. அப்போதே சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

நவ. 14, வெள்ளி
மழை விட்டிருந்தது. அம்மா டீக்குப் பால் வைத்தாள். அடுப்பை அணைத்தேன். இன்னாடி என்று திரும்பினாள். சொல்லிவிட்டேன்:

"அம்மா, நான் படிச்சு முடிச்சிட்டேம்மா. எனக்காக ஒரு பொழுது இருந்தது போதும். இன்னிக்கே கோயில்ல பொங்க வெச்சு முடிச்சிடலாம். மொத வாய் நீ சாப்புடு."