தெருவுக்குள் வந்த தொட்டிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நாங்கள் சுகம், உன் அப்பாவின் மீசை மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குறுக்கு வழி என்று நம் தெருவில் கார்கள் பறப்பது உனக்குத் தெரியும். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்வீட்டுக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை, உன் சித்திக்கோ முழங்கால் சரியில்லை, கூடப்பிறந்த இருவரும் ஒரு வருஷமாக ஜன்னலுக்கு ஜன்னல் கையசைத்துக்கொண்டிருந்தோம். போன மாதம் நகராட்சி இருபுறமும் பெரிய சிமென்ட் தொட்டிகளில் செடி வைத்துத் தெருவைக் குறுக்கியது, இது சோதனைக்குத்தான், குப்பை லாரி நுழைய முடியாவிட்டால் எடுத்துவிடுவோம் என்றார்கள். எனக்கோ, எடுத்துவிடக்கூடாதே என்ற கவலை. உன் அப்பாவுக்கோ கொண்டாட்டம், முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் வீட்டு வாசல்லயே வழிமறிப்பா என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். ஒரே வீட்டில் இரண்டு கட்சி, ஒரே சமையல்.

சோதனை நாளன்று அதிகாரி வந்தார், லாரியும் வந்தது. ஓட்டி வந்தவர் யார் தெரியுமா, டிப்போவில் அப்பாவிடம் வண்டி ஓட்டப் பழகிய ஒல்லிப்பிச்சான்தான். தெருமுனையில் நிறுத்திவிட்டு, இதுல போகாது சார், இடிக்கும் என்றார். அப்பா ஜெயித்தாயிற்று, பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். மனுஷருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என்கிட்ட கத்துக்கிட்டவன் சொல்ற பேச்சாடா இது, இறங்கு கீழே என்று ஏறி உட்கார்ந்தார். ஒரு இலைகூட உரசவில்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு போய் மறுமுனையில் நிறுத்தினார். தெருவே கைதட்டியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இறங்கியவரிடம் அதிகாரி, லாரி போகும்னு நீங்களே காட்டிட்டீங்க, ரொம்ப நன்றிங்க என்றார். அப்போது உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் உள்ளே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

தொட்டிகள் தங்கிவிட்டன, இரண்டு நாள் உன் அப்பா வாசல் பக்கமே வரவில்லை. நேற்று நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன், வந்த கார் தானே மெதுவாகி நின்றது. சித்தியின் கையைப் பிடித்ததும் இருவருக்கும் அழுகை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். வாடிப்போனா அதுக்கும் என்னையத்தான் சொல்வாங்க என்று முணுமுணுப்பு வேறு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வரும்போது சின்னக் காராக எடுத்து வா. தொட்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் உன் அப்பா மகள் என்று பார்க்கமாட்டார்.

ஆசிகளுடன்,
ஜன்னலை விட்டு வெளியே வந்துவிட்ட
உன் அம்மா