மாமரங்களுக்குத் தண்ணீர் நிறுத்தியது

டிச. 12
மழை விட்டு ஒன்பது நாள். காலையில் நல்ல பனி. சோழபுரம் தோப்பில் சொட்டுநீர் வால்வை மூடிவிட்டேன். நாற்பது மாமரம். அண்ணன் சொட்டுநீர் போட்டதிலிருந்து இரண்டு வருடமாகப் பூ இல்லை, இலை மட்டும் செழிப்பு. பொங்கல் முடிந்ததும் எல்லாவற்றையும் வெட்டித் தென்னை வைக்கப் போகிறார். இந்த ஒரு பருவம் என்னிடம் விடச் சொல்லிக் கெஞ்சி வாங்கினேன். கெஞ்சியதை மறக்க மாட்டேன்.

நான் தாவரவியல் முதுகலை. இருபது வருடமாக மில்லில் ஸ்டோர் கீப்பர்.

வாங்க: பூச்சி மருந்து, டார்ச் செல், அம்மாவுக்குக் கண் சொட்டு.

டிச. 24
வெயில். நண்பகலில் இலை தொங்குகிறது, மாலையில் நிமிர்கிறது. இலைத்துளைகளை மூடி ஈரத்தைச் சேமிக்கிறது மரம். சரியான வாட்டம்.

அண்ணனும் மதினியும் வந்தார்கள்.

"ஏலே, மரத்தைக் கொல்லத்தான் அம்புட்டுப் படிச்சியா?"

"தண்ணி இருந்தா தளிர் விடும்ணே. தாகம் எடுத்தாத்தான் பூக்கும்."

மதினி சிரித்தார்: "ஒங்க தம்பியும் இருவது வருசமாக் காஞ்சுதான் கெடக்காரு. ஒரு பூவையும் காணமே!"

வேலையாட்களும் சிரித்தார்கள். மூன்று பேர்.

ஜன. 4
மனைவியை ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கூட்டிப் போய், மாமனார் வீட்டில் இரண்டு நாள். திரும்பினால் மேற்கு வரிசை எட்டு மரத்தடியில் சேறு. டிராக்டர் டேங்கர் தடம்.

அண்ணனிடம் கேட்டேன். "வாடிக் கெடந்துச்சுலே. பாக்கப் பொறுக்கல. எட்டுக்குத்தான் ஊத்துனேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. திட்ட வந்ததில் பாதியை விழுங்கினேன். மீதியைச் சொல்லிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன். மோர் மட்டும்.

ஜன. 19
முப்பத்திரண்டு மரத்திலும் பூ! இலை தெரியாத அளவுக்கு. தோப்பு முழுக்க ஈயும் வாசமும். அண்ணன் இரங்கி ஊற்றிய எட்டில் மட்டும் செந்தளிர், ஒரு பூங்கொத்து கிடையாது. இவ்வளவு சுத்தமான சோதனையை எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் தராத கல்லூரித் துறைத்தலைவர் ஆயுளில் செய்ததில்லை. கூட்டி வந்து காட்டலாம் என்றால், செத்துப் போனார்.

அண்ணன் பூத்த வரிசைக்கும் பூக்காத வரிசைக்கும் நடுவில் வெகுநேரம் நின்றார்.

"மரம் வெட்ட வாரவன வர வேண்டாம்னுட்டேன்."

நான் பூங்கொத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தளவாய்புரத்துல சம்பந்தி தோப்பும் பூக்கலையாம். நாளைக்குச் செத்த நேரம் வந்து அவியளுக்குச் சொல்லுதியா?"

என் ஐம்பது வயதில் முதல் தடவை என்னிடம் ஒன்று கேட்கிறார்.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்குண்ணே" என்றேன்.

ஒரு வேலையும் இல்லை.