கேட்காமல் விட்ட கஞ்சி

ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஜெயா அத்தைக்கு, நிறைய அன்போடு,

அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யாராவது விழித்தால் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். பாருங்கள், இப்போதும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறேன்.

மாமா வீட்டை விற்கப் போகிறார் அத்தை. நீங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சென்னையிலிருந்து உங்கள் மகள் வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாராம். நீங்கள் ஊன்றிய முருங்கைக் கொம்பு தளிர்த்திருக்கிறது. அதற்கு யார் தண்ணீர் விடுவார்கள்?

மாமாவின் வேலையால் ஊர் ஊராக மாறி, வாடகை வீடுகளிலேயே காலத்தைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் இங்கே வந்து வீடு கட்டினீர்கள். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத கரிசல் காட்டுக்கு எதற்கு வந்தீர்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். "எங்களுக்குச் சொந்த ஊர்னு ஒண்ணு கிடையாதும்மா. இதை வச்சுக்கலாமேன்னு வந்தோம்" என்று சொன்னீர்கள்.

முதல் மழைக்கு மாமா ஷூ போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்கி, ஒற்றை ஷூவைச் சேற்றுக்குள் விட்டுவிட்டு வந்தாரே. "மண்ணுக்கு உங்க மேல ஆசை அண்ணாச்சி, காலை விட மாட்டேங்கு" என்று சுப்புத்தாய் சித்தி சொன்னாள். மற்ற எல்லாரையும்விட நீங்கள்தான் அதிகமாகச் சிரித்தீர்கள். அதற்குப் பிறகுதான் பெண்கள் உங்கள் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். நீங்களும் இங்கன, அங்கன என்று பேசிப் பார்த்தீர்கள். நாங்கள் கேலி செய்தால் இன்னும் பலமாகப் பேசுவீர்கள்.

அதையெல்லாம் கெடுத்தது நான்தான் அத்தை.

போன ஐப்பசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழைக்கஞ்சி எடுப்பது என்று முடிவானது. ஒரு வீடு விடாமல் கஞ்சி கேட்டு வாங்கி, கோயில் முன்னால் ஒரே பானையில் ஊற்றி, எல்லாரும் குடித்தால் மழை இறங்கும் என்பார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டதால் எங்கள் வீட்டுச் சார்பில் நான் போனேன். சுப்புத்தாய் சித்தி என் கையில் ஒரு சட்டியைக் கொடுத்து, "ஓடைக்கு அங்கிட்டு மெட்ராஸ்காரவிய வீட்டுக்கு நீ போயிட்டு வாட்டி" என்று அனுப்பினாள்.

ஓடைவரை வந்தேன். அங்கிருந்தே உங்கள் வீடு தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. எந்தப் புத்தகம் படிக்கிறாய், பத்தாவது முடித்து என்ன படிப்பாய் என்றெல்லாம் என்னிடம் கேட்கிறவர் நீங்கள். உங்கள் முன்னால் பிச்சைச் சட்டியோடு எப்படி நிற்பது? இவர்கள் இன்னும் இப்படித்தான் இருக்கிறார்களா என்று நினைப்பீர்களே என்று தோன்றியது. கருவேல நிழலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கதவு சாத்தியிருந்தது என்று சொன்னால் மறுபடி அனுப்புவார்கள். அதனால், "கேட்டேன் சித்தி, இல்லைன்னுட்டாவ" என்று சொன்னேன்.

சித்தி வெறும் சட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். பிறகு, "பென்சன் வாங்குத வீட்டுல ஒரு செம்பு கஞ்சிக்கா பஞ்சம்?" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மழையும் அந்த மாதம் வரவில்லை. உளுந்து முளையிலேயே கருகியது. கொடுக்காத ஒரு வீட்டால்தான் என்று பேசினார்கள். கேட்காத என்னால் என்று எனக்கு மட்டும் தெரியும். நிஜமாகவே என்னால்தானா அத்தை? இப்படி நினைப்பது முட்டாள்தனம் என்று நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

அப்புறம் உங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. காது குத்துக்கும் வளைகாப்புக்கும் உங்களுக்குச் சொல்லிவிடவில்லை. ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தினீர்கள். "அன்னைக்குக் கம்பங்கஞ்சி காய்ச்சி வச்சுட்டு காலையிலேர்ந்து வாசல்லயே இருந்தேன்டா. வெளியூர்க்காரங்ககிட்ட வாங்க மாட்டாங்களோ? அப்படி ஒரு வழக்கம் இருக்கா?" என்று கேட்டீர்கள்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கும் அத்தை" என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டு, என் பையில் இரண்டு கொய்யாப்பழம் போட்டுவிட்டுப் போனீர்கள். அந்தப் பழத்தை நான் தின்றேன்.

உங்களைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று எல்லாரும் வந்தார்கள். சாவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். ஆனால் பெண்கள் உங்களைச் சுற்றி உட்காரவில்லை. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழவில்லை. வேற்றூர்க் கேத வீட்டுக்கு வந்தவர்களைப் போல வேலியோரம் நின்றார்கள். உங்கள் மகள் தனியாக அழுதுகொண்டிருந்தார். மாமா வேலியோரம் நின்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று அப்பா மாமாவைப் பார்க்கப் போனார். வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு வாய் கஞ்சி வாங்கக்கூட எங்களை ஊர்க்காரங்களா நினைக்கலையேன்னு அவ கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தா" என்று மாமா சொன்னாராம். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இல்லைன்னு சொன்னது அவியதான? இது என்ன புதுக் கதையா இருக்கு?"

என் பக்கம் திரும்பினாள். நான் தண்ணீர் மோக்கப் போவதுபோல எழுந்துவிட்டேன். இன்னும் அவள் கேட்கவில்லை.

பயமாக இருக்கிறது அத்தை. அம்மாவின் அடி எனக்குப் பழக்கம்தான். சுப்புத்தாய் சித்தியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? உங்கள் மகள் என்னை என்ன நினைப்பார்? இனிமேல் நான் என்ன சொன்னாலும் இவள் சொல்வது நிஜமா என்று எல்லாரும் யோசிப்பார்களே.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையில் குடிதண்ணீர் விடுவார்கள். குழாயடியில் குடத்தோடு எல்லாப் பெண்களும் நிற்பார்கள். அங்கேயே சொல்கிறேன், ஒருவரும் விட்டுப்போகாமல். பள்ளிக்கூட பஸ் போனால் போகட்டும், அங்கிருந்து நேரே மாமாவிடம் போகிறேன்.

அவர் இருப்பாரா போவாரா என்று எனக்குத் தெரியாது. போனாலும் உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்ற நினைப்போடு போகக் கூடாது. ஊர் உங்களிடம் கேட்டது அத்தை. கேட்டு வரச் சொல்லித்தான் என்னை அனுப்பியது.

உங்கள் மருமகள்,
செல்வி