ராட்டினத்தில் ஏறியவர்கள் மணல் மூட்டைகளே என்பது குறித்து

அனுப்புநர்:
ராட்சத ராட்டினம் இயக்குபவர்,
பொழுதுபோக்குப் பூங்கா,
ஆற்றோரச் சாலை.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: முகக்கவசம் அணியாத பயணிகளை நெருக்கமாக ஏற்றியதாகக் கூறி ராட்டினத்துக்கு விதித்த தடையை நீக்கக் கோருதல் – மேற்படி பயணிகள் மனிதர்கள் அல்லர் எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தொற்றுக் காலத்தில் மூடிய எங்கள் பூங்கா வரும் ஞாயிறன்று திறப்பதாக இருந்தது. நேற்று தங்கள் ஆய்வாளர் ராட்டினத்தின் வாசலில் தடை ஆணையை ஒட்டிச் சென்றார். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் மாறி மாறி வருகின்றன. இரண்டையும் அடக்கிக்கொண்டு பணிவுடன் எழுதுகிறேன்.

1. நெடுநாள் நின்றுவிட்ட ராட்டினத்தை, ஆள் ஏற்றும் முன் முழுப் பாரத்தோடு சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. திறந்த பின் ஒரு கூண்டு விட்டு ஒரு கூண்டில், ஒரே வீட்டாரை மட்டுமே ஏற்றுவோம். சோதனைக்கு மட்டும் எல்லாக் கூண்டும் நிறைய வேண்டும். அதனால்தான் மணல் மூட்டைகளைத் தோளோடு தோளாக உட்கார வைத்தேன்.

2. மூட்டைக்குச் சட்டையும் மூக்கும் எப்படி வந்தன என்று தாங்கள் கேட்பது நியாயம். எங்கள் உடைப் பிரிவில் தையல் வேலை பார்க்கும் பெண் ஒருவர் இருக்கிறார். வேடம் போட்டு ஆடுபவர்களுக்குத் தைப்பவர். ஆட்டம் நின்றதும் முகக்கவசமாகத் தைத்துத் தள்ளினார். அந்தத் துணியும் தீர்ந்ததும், கை சும்மா இருக்காமல் மூட்டைகளுக்குப் பழைய சட்டைகளை உடுத்தி, மூக்கும் தைத்துவிடத் தொடங்கினார். ஒரு மூட்டைக்கு மீசையும் வைத்தார். அது என் மீசைதான் என்று பூங்காவே சொல்கிறது.

3. ஆய்வாளர் வேலிக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் எச்சரித்தும் பயணிகள் ‘ஏளனமாகப் பார்த்தனர்’ என்கிறது ஆணை. பார்வை அப்படி அமைந்துவிட்டது உண்மை. கண்ணுக்குத் தைத்த பொத்தான்கள் ஒரே அளவில் கிடைக்கவில்லை. எனக்கோ இயந்திரச் சத்தத்தில் எச்சரிக்கை காதில் விழவில்லை.

4. நான் மைக்கில், “கையை உள்ள வச்சுக்கங்க, குழந்தையைப் பிடிச்சுக்கங்க, சந்தோஷமா போயிட்டு வாங்க” என்று பேசியதை ஆய்வாளர் சாட்சியமாகக் குறித்திருக்கிறார். பேசினேன். மூட்டையே ஆனாலும் கம்பியைப் பூட்டி, எச்சரிக்கை சொல்லி, இறக்கும்போது “மறுபடி வாங்க” என்று அனுப்புவது எங்கள் வழக்கம். மூட்டைக்கு ஒரு மாதிரி, ஆளுக்கு ஒரு மாதிரி என்று பழகினால், ஏதோ ஒரு நாள் ஆளையும் மூட்டை என்று நினைத்துவிடுவோம்.

5. உச்சிக் கூண்டில் ஒரு ஜோடி ‘தகாத முறையில் சாய்ந்திருந்தது’ என்ற குற்றச்சாட்டுக்கு விளக்கம்: மணல் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. ஆனால் மீசை மூட்டையையும் நீலப் பூச்சட்டை மூட்டையையும் ஒரே கூண்டில் ஏற்றியது நான்தான். அதே பூத்துணியில் தையல்காரரிடம் ஒரு சட்டை உண்டு. பாரக் கணக்குக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

6. இவ்வளவு சொன்ன பிறகு மீதியை மறைப்பானேன். மூட்டைக்கு மீசை முளைத்த அன்றே எனக்குத் தைரியம் வந்து, முகக்கவசத்தோடு, ஆறடி தள்ளி நின்று, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவரைக் கேட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடியே, “வேலை இல்லாத ரெண்டு பேரு கல்யாணம் பண்ணிக்கிட்டு என்னத்தைச் சாப்பிடறது? ராட்டினம் சுத்தட்டும், சொல்றேன்” என்றார். அன்று முதல் என் கால் தரையில் பாவவில்லை. நான் கூண்டுக் கம்பிகளைத் துடைத்த துடைப்பில் பெயின்டே உரிந்துவிட்டது. எனவே தாங்கள் நிறுத்தி வைத்திருப்பது ராட்டினத்தை மட்டும் அல்ல.

7. ஆணைக்குக் கீழ்ப்படிந்து எல்லா மூட்டைகளுக்கும் நேற்று மாலையே முகக்கவசம் அணிவித்துவிட்டோம். எந்த மூட்டையும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

ஆகவே ஐயா அவர்கள் நாளை நேரில் வந்து, கை கழுவும் இடத்தையும் வரிசைக்குப் போட்ட வட்டங்களையும் பார்வையிட்டு, சந்தேகம் இருந்தால் எந்த மூட்டையின் மூக்கையும் இழுத்துப் பார்த்து, தடையை நீக்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். பயம் இல்லை என்றால் ஒரு சுற்று தங்களையும் ஏற்றி இறக்குகிறேன். தனிக் கூண்டுதான்.

இடம்: ராட்டினத்தடி
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கும் இன்னொரு பதிலுக்கும் காத்திருக்கும்,
ராட்டினம் இயக்குபவர் (கையொப்பம்)

சாட்சி: உடைப் பிரிவுத் தையல்காரர் (கையொப்பம்)

மனுவில் கண்டவை உண்மையா: உண்மை. பொத்தான் விஷயம் உட்பட. ஆனா இதையெல்லாமா ஆபீசருக்கு எழுதுவாங்க?

மனுதாரருக்கு என்ன உறவு: வருங்கால மனைவி. ராட்டினம் சுத்தினாலும் சரி, சுத்தாட்டியும் சரி.