என் எழுத்தில் போன வேலை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம், நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மனசுதான் நேற்றிலிருந்து படபடவென்று அடித்துக்கொள்கிறது.

மெஷினில் நசுங்கிய வலது கையின் கட்டைப் பிரித்துவிட்டு அப்பா போன மாதம் ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனார். நீங்கதான் வேலையை விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே என்று வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். இருபத்திரண்டு வருஷம் உழைத்த மனுஷர், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பி வந்தார். நீ போனில் சொன்ன பெரிய வக்கீல் நமக்கு எட்டாத தூரம். எதிர்வீட்டுத் தையல்காரர்தான், மருந்துக்கடை மாடியில ஒரு வக்கீலம்மா இருக்காங்க, தொழிலாளர் கேஸ் மட்டுந்தான் எடுப்பாங்க, இந்தக் கம்பெனியோட முன்னாடியே மோதினவங்க என்று அனுப்பிவைத்தார். அந்த வக்கீலம்மா கம்பெனிக்கு எழுதி, அப்பா கொடுத்ததாகச் சொன்ன ராஜினாமாக் கடிதத்தின் நகலை வாங்கிவிட்டார். நேற்று அதை மேஜையில் விரித்து, இது யார் எழுத்துங்க என்றார். அடியம்மா, என் எழுத்து! லீவு லெட்டர், இதைப் பார்த்து எழுதிக் குடுங்க என்று மேனேஜர் கொடுத்தனுப்பிய ஆங்கிலத் தாளை, சுழி பிசகாமல் நான்தான் எழுதினேன். அப்பா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே! வக்கீலம்மா திட்டவில்லை, மேனேஜர் குடுத்த தாள் எங்கே என்றுதான் கேட்டார். சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தேன், வீட்டுக்கு ஓடிப்போய் வட்டக் கறையோடு எடுத்து வந்தேன். மேனேஜர் எழுத்துலயே இருக்கு, இதுதாங்க நம்ம பிடி, ஆனா அர்த்தம் தெரியாமத்தான் எழுதினேன்னு நீங்க கோர்ட்டுல சொல்லணும் என்றார். நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க என்று வேறு சொன்னார், எனக்குப் பேனாவைத் தொடவே பயம். அப்பா என்னையே பார்த்தார். நீ படிச்சிருப்பேன்னு நினைச்சுத்தானே போட்டேன் என்றார். பிறகு அவரே, வேலை போனாப் போகட்டுங்க, இவளை நாலு பேர் முன்னாடி நிக்க வைக்க வேணாம் என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உனக்கும் தெரியாது. உன் பள்ளி ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, ம், பரவாயில்லை என்று தலையாட்டுவேனே, ஒரு வரி புரிந்ததில்லை. தெருவுக்கே தமிழில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவளுக்கு, ஆங்கிலத்தைப் பார்த்து எழுதத்தான் தெரியும். கோர்ட்டில் சொல்லத்தான் போகிறேன், அப்பா என்ன தடுத்தாலும் சரி. முதலில் உன்னிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

நல்லா இரு, வேளைக்குச் சாப்பிடு. அங்கே யார் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா