குள்ளனா, நெட்டையனா

சனிக்கிழமை, ராத்திரி.

நாளைக்கு என் பொண்ணு பவானிக்கு ஹெவிவெயிட் பாக்ஸிங் செலக்‌ஷன் போட்டி. எதிராளி ஆவடிக்காரி. குள்ளம்தான், ஆனால் குனிந்து உள்ளே புகுந்தால் விலாவைப் பதம் பார்த்துவிடுவாளாம். பவானி நெட்டை, கை நீளம். ஆனாலும் பயத்தில் தோசையைத் தொடவில்லை.

பேச்சை மாற்றலாமென்று கேட்டேன்: "அந்தக் காலத்துக் குள்ளச் சாம்பியனும் இந்தக் காலத்து நெட்டைச் சாம்பியனும் மோதினா யாரு ஜெயிப்பா?"

"நெட்டைதான் நைனா. கிட்ட வந்தாத்தானே அடிப்பான்?"

"வந்துட்டான்னா?"

"எங்க, வந்து காட்டு."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொப்பையோடு குள்ளச் சாம்பியனாகப் பாய்ந்தேன். இடது கையை என் நெற்றியில் வைத்து நிறுத்திவிட்டாள். நான் காற்றைக் குத்திக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை கைக்கு அடியில் புகுந்தேன். அவள் பின்வாங்கினாள், சுவரில் முட்டினாள், விலாவில் ரெண்டு போட்டேன். மூன்றாவது தடவை பின்வாங்காமல் சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்தாள். நான் நேராக ஃப்ரிட்ஜில் போய் மோதினேன்.

"அப்பனும் பொண்ணும் ஊட்ட இடிச்சிக்கினு கீறீங்களா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி.

"நைனா! பக்கவாட்டுல போனா போதும் நைனா!" என்று குதித்தவள், ஐந்து தோசை சாப்பிட்டாள்.

நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தன்தான். தூக்கமே வரவில்லை. நாளைக்கு ரிங்கில் ஃப்ரிட்ஜ் இருக்காது, அது ஒன்றுதான் கவலை.